ஊதாப் பூக்களின் பின்னால்: நான்கு பாலைவன லூப்பின்கள்

வியாழன் இரவு, பொரேகோ ஸ்பிரிங்ஸ்

மார்ச் பிறந்துவிட்டால் தென்கலிஃபோர்னியாவில் எல்லோர் பேச்சும் பாலைவனத்துக்குப் போய்விடும். நவம்பரிலிருந்து விட்டு விட்டு மழை பெய்திருந்தால் போதும். வருடம் முழுக்க வெறும் மணலாகக் கிடந்த இடமெல்லாம் சில வாரங்களுக்குப் பூத்துக் குலுங்கும். 2005, 2017, 2019, 2023 எல்லாம் அப்படிப்பட்ட ஆண்டுகள். இந்தக் குளிர்காலத்திலும் மழை கைவிடவில்லை.

ஊரிலிருந்து என் மாமனார் வந்திருக்கிறார். தென்காசிப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். டிஸ்னிலேண்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றதற்கு, "அதெல்லாம் பிள்ளைங்க பாக்கட்டும் மாப்ள, எனக்கு இந்த ஊர்ச் செடி கொடியைக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மனைவி லீவு போட்டாள், மூன்று பேரும் கிளம்பிவிட்டோம்.

பார்க்க வேண்டியது லூப்பின் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். பாலைவனப் பூப்படங்களில் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஊதா நிறத்தில் நிற்குமே, அந்தச் செடி. பார்க்கிறவர்கள் பொதுவாக "லூப்பின்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் மட்டும் சுமார் 70 லூப்பின் இனங்கள் உண்டு. வெப்பமான தாழ்வான பாலைவனத்தில் ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, காய்த்து, மடிந்துபோகும் ஒருபருவச் செடிகளில் ஒன்றோடொன்று குழம்புகிறவை நான்கு: அரிசோனா லூப்பின், கூல்டர் லூப்பின், பஹாடா லூப்பின், அரோயோ லூப்பின். இவற்றைப் படத்தில் வைத்துப் பிரிப்பது சிரமம். தரையில் உட்கார்ந்தால் பிரிக்கலாம். இந்தப் பதிவுகள் அப்படி உட்கார்ந்து பார்ப்பதைப் பற்றியவை.

மாண்டசூமா மலைச்சரிவில் இறங்கும்போதே பள்ளத்தாக்கின் வடக்கு ஓரம் மஞ்சளாகத் தெரிந்தது. ஹெண்டர்சன் கேன்யன் சாலை. இரண்டு பக்கமும் பாலைவனச் சூரியகாந்தி, கீழே மணலோடு மணலாக இளஞ்சிவப்பு மணல் வெர்பீனா. வரிசையாகக் கார்கள். எல்லோரும் பூவுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மிதிபட்ட செடிகளைப் பார்க்க வயிறு எரிந்தது. ஒரு செடி மிதிபட்டால் அந்த வருட விதை போய்விடும். ஒருபருவச் செடிக்கு விதையைத் தவிர அடுத்த வருடம் என்று எதுவும் கிடையாது.

நாங்கள் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. கொயோட்டி கேன்யன் பக்கம் போய், மழைக்காலத்தில் மட்டும் வெள்ளம் ஓடும் ஒரு மணல் ஓடையில் நடந்தோம். லூப்பினைத் தேட நல்ல இடம் இதுதான். ஓடையின் அடியில் ஈரம் கொஞ்சம் அதிக நாள் நிற்கும், வெள்ளம் விதைகளை உருட்டிக்கொண்டு வந்து சேர்க்கும். லூப்பின் விதைத்தோல் ரொம்பக் கெட்டி. கல்லோடும் மணலோடும் உரசித் தேய்ந்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். தேயாத விதை வருடக்கணக்கில் அப்படியே மண்ணில் கிடக்கும்.

மாமாதான் முதலில் பார்த்தார். முழங்கால் உயரத்துக்கும் கீழே, சதைப்பற்றான தண்டோடு நின்றிருந்தது. பூ நல்ல மெஜந்தா.

"பூவை அப்புறம் பாக்கலாம். முதல்ல இலை" என்றார்.

உள்ளங்கை வடிவக் கூட்டிலை. நீளமான காம்பின் நுனியில் ஏழெட்டுச் சிற்றிலைகள் ஒரே புள்ளியிலிருந்து விரிந்திருந்தன. அகலமான சிற்றிலைகள், பளிச்சென்ற பச்சை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கை லென்ஸை வைத்து மேல்பரப்பைப் பார்த்தோம். ஒரு ரோமம்கூட இல்லை. இலையைப் பறிக்காமல் லேசாகத் திருப்பினால், அடிப்பரப்பில் மட்டும் அங்கங்கே மெல்லிய ரோமங்கள். இந்த இடமெல்லாம் அன்சா-பொரேகோ மாநிலப் பூங்கா. இங்கே பறிப்பது சட்டப்படி குற்றம், அது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

அகலச் சிற்றிலை, மொழுமொழுவென்ற மேல்பரப்பு, மெஜந்தாப் பூ. மூன்றும் சேர்ந்து வந்தால் அரிசோனா லூப்பின், அதாவது லூபினஸ் அரிசோனிகஸ். பெயரில் அரிசோனா இருந்தாலும் கலிஃபோர்னியா, நெவாடா, மெக்சிகோ வரைக்கும் உண்டு.

பூ நிறத்தை ஏன் கடைசியில் வைக்க வேண்டும் என்றால், இந்தப் பூ உலர்ந்ததும் நீலம் கலந்த ஊதாவாகிவிடும். உலர்தாவரத் தொகுப்பில் ஒட்டி வைத்த மாதிரியைப் பார்க்கிறவருக்கு அந்த மெஜந்தா இருந்ததே தெரியாது. இலையின் ரோமம் அப்படி ஏமாற்றாது.

வெள்ளி மாலை, காட்டன்வுட்

காலையில் கிழக்கே சால்டன் ஏரிப் பக்கம் இறங்கினோம். கடல் மட்டத்துக்குச் சுமார் 70 மீட்டர் கீழே கிடக்கும் ஏரி. 1905இல் கொலராடோ ஆற்றிலிருந்து வெட்டிய பாசனக் கால்வாய் உடைந்து, ஆறே இந்தப் பள்ளத்துக்குள் பாய்ந்து உருவானது. வாசனை தாங்கவில்லை, நிற்காமல் போய்விட்டோம். மெக்கா ஊரின் பேரீச்சந்தோப்புகளைத் தாண்டி பாக்ஸ் கேன்யன் சாலையில் ஏறினால் இரண்டு பக்கமும் மண்மலைகள், சாலையோரம் நெடுக அரிசோனா லூப்பின். இதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அடையாளம் சொல்ல முடிந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் தெற்கு வாசலான காட்டன்வுட் இந்தப் பக்கம்தான். பெரும்பாலான கூட்டம் வடக்கு வாசல் வழியாகப் பாறைகளைப் பார்க்கப் போய்விடும். வசந்தத்தில் தெற்கு வாசல்தான் அழகு. வாசலை ஒட்டிய சரிவு முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகப் பாலைவன டேண்டிலியன், அதற்கு நடுவே லூப்பின்.

காலை ஒன்பது மணி வாக்கில் ஒரு செடி முன்னால் உட்கார்ந்தோம். எல்லா இலைகளும் கிழக்கே சூரியனைப் பார்த்துத் தட்டையாகத் திரும்பி நின்றன. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து அதே செடியைப் பார்த்தால் முகம் மேலே திரும்பியிருந்தது. இது வெறும் வேடிக்கை இல்லை. 1980களில் இந்த அரிசோனா லூப்பினை வைத்தே விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஈரம் இருக்கும்வரை இலைகள் சூரியனை நேருக்கு நேர் பார்த்தபடி நாள் முழுக்கத் திரும்பும், கிடைக்கிற வெளிச்சத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். மண் காயத் தொடங்கினால் அதே இலை எதிர்வேலை பார்க்கும். சிற்றிலைகள் குவிந்து, கதிருக்கு இணையாக விளிம்பைக் காட்டி நிற்கும். வெயில் மேலே விழுவது குறையும், நீரிழப்பும் குறையும்.

இதை இன்றைக்கே கண்ணால் பார்த்தோம். ஓடையின் நடுவில் நின்ற செடிகள் விரிந்திருந்தன. கொஞ்சம் மேலே, கல்மண் திட்டில் நின்ற செடிகள் மதியத்திலேயே கூம்பிவிட்டன. இரண்டுக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இருக்காது.

"அப்பா, இது வாடிப்போச்சா?" என்று கேட்டாள் என் மனைவி.

"வாடலைம்மா. தொட்டுப் பாரு, காம்பு விறைப்பா இருக்கு. தன்னைக் காப்பாத்திக்குது."

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மதியம் எடுத்த படத்தில் கூம்பிய சிற்றிலை ஒல்லியாகத் தெரியும். அகலச் சிற்றிலை கொண்ட அரிசோனா லூப்பினை அந்தப் படத்தை வைத்து ஒல்லி இலை கொண்ட கூல்டர் லூப்பின் என்று சொல்லிவிட இடமிருக்கிறது. படம் எடுப்பதாக இருந்தால் காலையில் எடுங்கள்.

காட்டன்வுட் ஊற்றுக்கு மேலே போகிற பாதையில் இன்னொரு லூப்பின் கிடைத்தது. ரொம்பக் குட்டை, சாண் உயரம்தான். தண்டு, இலை, மொட்டு எல்லாவற்றிலும் அடர்த்தியாக வெள்ளை ரோமம். தூரத்திலிருந்து பார்த்தால் செடியே சாம்பல் நிறம். பூக்கொத்து குட்டையாக நெருக்கியடித்திருந்தது. பூ சின்னது, ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்து. மாமா குனிந்து செடியின் அடிப்பாகத்தைக் காட்டினார். மேலே கொத்து இருக்க, கீழே இலைக்கக்கங்களிலும், அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடங்களிலும், தனியாகச் சில பூக்கள் ஒளிந்திருந்தன.

இது பஹாடா லூப்பின், லூபினஸ் கான்சின்னஸ். ஸ்வீடன் தாவரவியலாளர் யாக்கோப் அகார்த் 1835இல் பெயரிட்டது. மலையடிவாரத்தில் கற்களும் மணலும் அடித்துவந்து படிந்த சரிவுகள் இதற்குப் பிடித்த இடம். ரோமம், குட்டை உருவம், அடியில் ஒளிந்த பூ, இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் இதை வேறெதோடும் குழப்ப வேண்டியதில்லை. பளபளப்பு எதுவும் இல்லாத செடி, ஆனால் நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இதுவரை பூவின் உள்ளே போகவில்லை. அவரை, கிலுகிலுப்பை, சங்குப்பூ எல்லாம் பார்த்தவர்களுக்கு லூப்பின் பூவின் கட்டமைப்பு புதிதில்லை. மேலே நிமிர்ந்து நிற்கும் கொடி அல்லி, இரண்டு பக்கமும் சிறகு அல்லிகள், அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் படகு அல்லி. லூப்பினில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். தேனீ சிறகில் உட்கார்ந்து அழுத்தினால் படகின் கூர்நுனியில் இருக்கும் துளை வழியாக மகரந்தம் இடியாப்ப உழக்கிலிருந்து மாவு வருகிற மாதிரி வெளியே வரும். மாமா ஈர்க்குச்சியளவு ஒரு புல் தண்டால் சிறகை அழுத்திக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு இழை வெளியே வந்தது. குச்சியை எடுத்ததும் சிறகு பழைய இடத்துக்கே போய்விட்டது.

உள்ளே பத்து மகரந்தத் தாள்கள், ஐந்து நெட்டை, ஐந்து குட்டை. நம்மூர் கிலுகிலுப்பையிலும் இதே ஏற்பாடு உண்டு. இரண்டும் அவரைக் குடும்பத்தில் நெருங்கிய கிளைகள். இதைச் சொன்னபோது மாமா குரலில் வந்த மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

சனி இரவு, ஃபீனிக்ஸ் அருகே

பொழுது விடிவதற்குள் கிளம்பி, பிளைத் நகரத்தில் கொலராடோ ஆற்றைத் தாண்டினோம். கலிஃபோர்னியாவில் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அரிசோனாவில் மாற்ற மாட்டார்கள். அதனால் மார்ச் பாதிக்கு மேல் கலிஃபோர்னியா நேரமும் அரிசோனா நேரமும் ஒன்றுதான். வழியெல்லாம் முதல் சகுவாரோ கள்ளி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே போனோம்.

ஃபீனிக்ஸை நெருங்கும்போது நெடுஞ்சாலைச் சரிவில் இடுப்புயரத்துக்கு அடர்நீல லூப்பின் கூட்டமாக நின்றது. வண்டியை அடுத்த வெளிவழியில் திருப்பி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு ஓரத்துச் செடிகளைப் பார்த்தோம். தண்டு பருமன், உள்ளே குழல். சிற்றிலை ஆப்பு வடிவம், நுனி மழுங்கியது, மேல்பரப்பு மொழுமொழு. பூ பெரிது, ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். பூக்கள் தண்டைச் சுற்றி அடுக்கடுக்கான வளையங்களாக நின்றன. இது அரோயோ லூப்பின், லூபினஸ் சக்குலென்டஸ். கலிஃபோர்னியாவில் தானாகவே பரவலாக வளர்கிற செடி. சாலையோரங்களில் பூ விதைக்கலவை தூவும்போது இதையும் சேர்ப்பது வழக்கம். ஆகவே நெடுஞ்சாலை ஓரத்தில் ஆளுயரத்துக்குப் பாதியாக லூப்பின் நின்றால், அது தானாக வந்ததா, யாராவது விதைத்ததா என்று முதலில் யோசிக்க வேண்டும்.

அப்புறம் பார்ட்லெட் ஏரி. டோண்டோ தேசிய வனத்துக்குள், வெர்டி ஆற்றில் 1939இல் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கம். ஏரிக்கரைச் சரிவுகளில் ஆரஞ்சு பாப்பியும் நீல லூப்பினும் கலந்து கிடந்தன. இந்த நீலம் நேற்றுப் பார்த்த மெஜந்தா இல்லை, அரோயோவின் அடர்நீலமும் இல்லை. வெளிறிய வான நீலம், ஓரத்தில் லைலாக் என்கிற வெளிர் ஊதா.

கூல்டர் லூப்பின், லூபினஸ் ஸ்பார்சிஃப்ளோரஸ். மெக்சிகோவிலும் கலிஃபோர்னியாவிலும் செடி சேகரித்த அயர்லாந்து மருத்துவர் தாமஸ் கூல்டர் பெயரில் வழங்குகிறது. தண்டு மெலிந்தது, சதைப்பற்று இல்லை. சிற்றிலைகள் குறுகல், பெரும்பாலும் நான்கு மில்லிமீட்டருக்குள். லென்ஸில் பார்த்தால் ரோமங்கள் தெரிகின்றன. பூ அரிசோனா லூப்பினைவிடக் கொஞ்சம் பெரிது, கொத்தில் பூக்களுக்கு இடையே நல்ல இடைவெளி.

இங்கேதான் படகு அல்லியின் விளிம்பைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மாமா உட்கார்ந்துவிட்டார். லூப்பின்களைப் பிரிக்கும் தாவரவியல் திறவுகோல்கள் (கேள்வி கேள்வியாகக் கேட்டு இனத்தைக் கண்டுபிடிக்க உதவும் பட்டியல்கள்) எல்லாம் முதலில் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று: படகில் ரோமம் எங்கே? சிறகுகளை விலக்கினால் படகு வெளியே தெரியும். அதற்கு மேல் விளிம்பு, கீழ் விளிம்பு என்று இரண்டு உண்டு. கூல்டர் லூப்பினில் கீழ் விளிம்பில், காம்புப் பக்கமாக, கண்ணிமை முடிபோல நுண்ணிய ரோமங்கள். அரோயோவில் அதே ரோமம் மேல் விளிம்பில், அடிப்பக்கமாக இருக்கும். பஹாடா லூப்பினில் பெரும்பாலும் படகில் ரோமமே இருக்காது. செடி முழுக்க ரோமம் வைத்திருக்கிற அதுதான் படகை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறது. லென்ஸை நான் பிடிக்க, மனைவி சிறகை விலக்க, மாமா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இருக்கு, கீழ இருக்கு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் காட்டினோம்.

திரும்பும் வழியில், சாலை வளைவுக்குக் கீழே வெள்ளைப் பூவோடு ஒரு லூப்பின். நிறத்தை மட்டும் நம்பி வந்திருந்தால் இதற்கு ஒரு பெயரும் சொல்ல முடியாது. குறுகல் சிற்றிலை, மெலிந்த தண்டு, படகின் கீழ் விளிம்பில் ரோமம். கூல்டர் லூப்பினேதான், நிறமி மட்டும் இல்லை. லூப்பின்களில் இப்படி வெள்ளைச் செடி எப்போதாவது வருவதுண்டு.

இன்னொன்று. கொடி அல்லியின் நடுவே ஒரு வெளிர்மஞ்சள் திட்டு உண்டு. பூ முதிர்ந்தால் அந்தத் திட்டு மெஜந்தாவாக மாறும். கொத்தில் கீழே இருக்கும் பழைய பூக்களில் மாறியிருக்கும், மேலே இருக்கும் புதியவற்றில் மாறியிருக்காது. கால் மணி நேரம் ஒரே கொத்தைப் பார்த்தோம். வந்த தேனீக்கள் மேலே இருக்கும் பூக்களுக்கே போயின. மகரந்தம் தீர்ந்த பூவைத் தேடி அவை நேரத்தைச் செலவழிக்கவில்லை. அரிசோனா, கூல்டர் இரண்டு லூப்பின்களின் மகரந்தச் சேர்க்கையைப் பற்றி மட்டும் 1978இலேயே தனி ஆய்வுக்கட்டுரை வந்திருக்கிறது. இனம் பிரிக்க இந்தத் திட்டு உதவாது, ஆனால் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

ஞாயிறு, பிகாச்சோ சிகரம்

ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டித் தனியாக எழுந்து நிற்கும் பாறைமலை. 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஒரு சிறு மோதல் இந்தக் கணவாயில் நடந்திருக்கிறது. பாப்பிகள் பாதி உதிர்ந்துவிட்டன. பூக்கம்பளம் பார்க்க வந்தவர்கள் சீக்கிரமே கிளம்பிப் போனார்கள். எங்களுக்கு அது வசதி.

ஒரே சரிவில் கூல்டரும் பஹாடாவும் அடுத்தடுத்து நின்றன. மனைவி லென்ஸை எடுத்துக்கொண்டு, எங்களிடம் எதுவும் கேட்காமல் ஒவ்வொரு செடியாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் மட்டும் நின்றாள். கூல்டர்தான், ஆனால் வறண்ட கல்லிடுக்கில் வளர்ந்து குட்டையாகிப்போனது. கொத்தில் இரண்டே பூ. உயரத்தைப் பார்த்தால் பஹாடா.

"ரோமம் அவ்வளவா இல்லையேப்பா?"

"அப்ப படகைப் பாரு."

பார்த்தாள். கீழ் விளிம்பில் ரோமம் இருந்தது. உயரமும் பூ எண்ணிக்கையும் மழையைப் பொறுத்து மாறும். நல்ல ஈரத்தில் அரை மீட்டர் வளர்கிற இனம் வறட்சியில் விரலளவு நின்றே விதை போட்டுவிடும். அதனால்தான் புத்தகத்தில் இருக்கும் உயர அளவை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

சில செடிகளில் காய் முற்றத் தொடங்கியிருந்தது. இன்னும் சில வாரம் போனால் வெயிலில் காய்ந்து, இரண்டு பாதியும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தூர எறியும். மாமா வேரையும் பார்க்க ஆசைப்பட்டார், நைட்ரஜனை நிலைநிறுத்தும் வேர் முடிச்சுகளைக் காட்ட வேண்டும் என்று. பூங்காவில் பிடுங்க முடியாது என்பதால் விட்டுவிட்டார்.

போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். செடி, பூச்சிகளைப் படம் எடுத்துப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் மாதிரித் தளங்களில் பாலைவன லூப்பின் பதிவுகள் நிறைய இனப்பெயர் இல்லாமல் "லூபினஸ்" என்பதோடு நின்றுவிடுகின்றன. பூக்கொத்தை மட்டும் எடுத்த படத்தை வைத்து யாரும் அதற்கு மேல் சொல்ல முடியாது. முழுச் செடி ஒரு படம், சிற்றிலையின் மேல்பரப்பு ஒன்று, அடிப்பரப்பு ஒன்று, சிறகை விலக்கிய படகு ஒன்று, செடி நிற்கும் மண் ஒன்று. விரல் நகத்தையோ ஒரு சென்ட் காசையோ பக்கத்தில் வைத்து எடுத்தால் அளவும் தெரியும். காலை பத்து மணிக்குள் எடுத்தால் இலை விரிந்திருக்கும். பாதையை விட்டு இறங்க வேண்டியதில்லை, ஓரத்திலேயே வேண்டிய அளவு செடி நிற்கிறது.

பொரேகோவில் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது, அடுத்த வாரம் அங்கே ஓடைகளில் மட்டும்தான் மிஞ்சும். காட்டன்வுட் கொஞ்சம் உயரம் என்பதால் இன்னும் சில நாள் தாங்கும். பார்ட்லெட் ஏரிக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், பத்தரைக்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை.